விசையின் எடை

முதலில் அறை வெறுமையா என்று பார்க்கிறேன்.
இரண்டு தரம். மூன்றாவது தரம்
எழுதுவினைஞர் சகாயராசாவுக்காக.
அப்போதும் அவர் சுவரோடுதான் நிற்கிறார்.

கொக்குவிலில் ஓடு மாற்றப் போன மேசன்
வளைக்கும் சிலாகைக்கும் நடுவிலிருந்து
சைக்கிள் ரியூப் சுற்றிய பொதியொன்றை இழுத்திருக்கிறான்.
பிரித்ததும் ஏணியை விட்டுவிட்டு ஓட்டம்.
பொலிஸ் அறிக்கையில்:
"கைத்துப்பாக்கி ஒன்று. பயங்கரமானது."
பயங்கரமானது என்பது ஒரு வகையல்ல.
அதற்குத்தான் கொழும்பிலிருந்து நான்.

குழலின் இடப்பக்கம், கறள் தின்றது போக,
ஒரு நாட்டின் பெயர், ஆங்கில எழுத்தில்.
அந்த நாட்டுக்காரர் வீட்டில் பேசாத மொழி.
உள்ளூரில் விற்கும் பொருளுக்கு
எவரும் ஊர்ப்பெயர் பொறிப்பதில்லை.
வெளிக்கிட்டுப் போவதுதான்
எங்கிருந்து வந்தேன் என்று நெற்றியில் எழுதிக்கொள்ளும்.
ஆகவே, ஏற்றுமதிக்கு.
எழுதுங்கோ, சகாயராசா.

சட்டத்திலும் குழலிலும் ஒரே இலக்கம்.
ஸ்லைட்டில் வேறு.
எப்போதோ இன்னொன்றின் உடம்பிலிருந்து
கழற்றிப் பூட்டியிருக்கிறார்கள்.
முன்பாரம் இல்லை. பெட்டி இல்லை.
நீலப்பூச்சு, விரல் படும் இடங்களில் மட்டும் வெள்ளி.
கைவிளக்கைப் பிடித்துக் குழலுக்குள் பார்த்தால்
ஆறு சுரியும் கூர் மழுங்காமல்,
கிறீஸ் உறைந்து மஞ்சளாக.
ஓட்டுக்குக் கீழே முப்பது மாரி
இதைத் தொடவில்லை.

பின்குறியின் திருகு
இடப்பக்கம் ஏழு சொடுக்குத் தள்ளியிருக்கிறது.
யாரோ ஒருவருடைய கண்ணின் பிழை அது.
கண் இல்லை இப்போது. ஏழு சொடுக்கு இருக்கிறது.

இது கடதாசியைச் சுட மட்டும் செய்தது, என்கிறேன்.
இருபத்தைந்து மீற்றரில் பத்து வளையம், நடுவில் கறுப்பு.
சகாயராசா என்னையே பார்க்கிறார்.
இந்த வசனத்தை யாழ்ப்பாணத்தில்
நம்பும்படி சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை.

எடை பார்க்கும் கருவியை மறந்து வந்துவிட்டேன்.
ஒன்றரை லீற்றர்ப் போத்தல், சணல் நூல்,
நீதிமன்றக் குழாயின் சவர்த்தண்ணீர்.
விசையில் தொங்கவிட்டு
அளவுக் குவளையால் சொட்டுச் சொட்டாக ஊற்றுகிறேன்.
எண்ணூறு. தொள்ளாயிரம்.
ஆயிரத்து இருபதில்
டிக்.

பேனை மூடுகிற சத்தம், அவ்வளவுதான்.
சகாயராசா மேசைக்குக் கீழே.
எழும்பி முழங்காலைத் தட்டி,
"பேனை விழுந்திட்டுது" என்கிறார்.
பேனை அவருடைய சட்டைப்பையில்.
ஆயிரத்து இருபது கிராம், என்கிறேன்.
போட்டி விதி கேட்பது ஆயிரம்.
இதை வைத்திருந்தவர் விதிக்குப் பயந்த ஆள்.

பிடி வால்நட் மரம், வலதுகைக்கு.
அடியில் புட்டி பூசி, அரம் போட்டு, மறுபடி பூசி,
சின்னவிரல் நிற்கவேண்டிய இடத்தை
நிரப்பி வைத்திருக்கிறார்கள்.
என் கையை வைத்துப் பார்த்தேன்.
என்னுடைய சின்னவிரலுக்கு அங்கே இடமில்லை.

விறாந்தை வாங்கில் வீட்டுக்காரி, யோகமலர்.
அவவின் வாக்குமூலம் ஒற்றை வரி: தெரியாது.
எனக்குக் கேட்க உரிமையில்லை. கேட்டேன்,
விரல் பற்றி மட்டும்.
நெடுநேரம் கைப்பையின் சிப்பைத் திறந்து பூட்டினா.
"சீமெந்துத் தொழிற்சாலையில, பல்லுச்சக்கரத்தில போனது.
அதுக்குப் பிறகு அவற்ற கையெழுத்தும் மாறிட்டுது.
ஞாயிற்றுக்கிழமையள் எங்க போறவர் எண்டு
நான் கேட்டதில்ல."
பிறகு, "அது கொல்லுமோ?"
எந்தத் துவக்கும் கொல்லும், அம்மா.
தலையாட்டினா. மறுபடியும் சிப்.

படிவத்தின் கடைசி நிரல், பெறுமதி, ரூபாயில்.
உருக்கச் சொல்லப்போகும் பொருளுக்கும்
விலை எழுதித்தான் ஆகவேண்டும்.
ஸ்லைட்டுக்காகக் குறைத்தேன். பெட்டிக்காகக் குறைத்தேன்.
மாற்றிய பிடிக்கு இன்னும் குறைக்கவேண்டும்.
அதை விட்டுவிட்டேன்.

வெளியே பன்னிரண்டு மணி வெயில்.
நூலை அவிழ்த்து
போத்தலில் இருந்ததைக் குடித்தேன்.
நல்ல சவர்.