தொப்பி என்றும் சொல்வார்கள்

குத்தாயிசியில் பிப்ரவரி.
கேஸ் அடுப்பில் சுடர் நீலத்துக்கு ஏறாமல்
சோம்பேறி மஞ்சளில் நிற்கிற சாயங்காலம்.
மாவுக்கு முட்டை வேண்டாம், உப்பும் தண்ணீரும் போதும்.
கொத்திய கறிக்கும் தண்ணீர் உண்டு,
குடித்துக் குடித்து அது தளரும்வரை.
வெங்காயம், சீரகம், துளி மிளகாய்.
இவ்வளவுதான் ஹின்காலி.

இவ்வளவுதான் என்று சொல்பவரை
நான்கு வயதுப் பெண்ணோடு
ஒரு மணி நேரம் சமைக்க விட வேண்டும்.

பார்பரே நாற்காலிமேல் நிற்கிறாள்.
டம்ளரைக் கவிழ்த்து மாவில் வட்டம் வெட்டுவது அவள் வேலை.
வெட்டியதைக் கண்மேல் ஒட்டிவைத்து
ஒண்ணுமே தெரியலை என்று என்னிடம் புகார்.

பத்தொன்பது மடிப்பு இருந்தால்தான் மரியாதை
என்பான் மாடிவீட்டு ரேவாஸ்.
என் விரலுக்குப் பதினொன்றைத் தாண்டாது.
அவள் எண்ணுகிறாள்:
ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து.
நான்கு எங்கே என்றால்
நான்கு தனக்கு வயது,
அதை எதற்கு இதில் போட வேண்டும் என்கிறாள்.

மடித்து முடித்ததை உச்சியில் திருகி மூடுவது என் பங்கு.
அதையும் பிடுங்கிக்கொண்டாள்.
யாரோ ஒரு முரடனின் காதைத் திருகுவதுபோல
இரண்டு கையாலும்,
நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு.

அந்தத் திருகலை
ஊரில் பாதிப் பேர் தொப்பி என்பார்கள்,
மீதிப் பேர் தொப்புள்.
சொன்னதுதான் தாமதம்,
சட்டையைத் தூக்கித் தன்னுடையதைப் பார்த்தாள்.
மாவு விரலால் அழுத்தியும் பார்த்தாள்.
அதன்பின் எங்கள் வீட்டில் தொப்பி கிடையாது.

கொதிநீரில் இரண்டு வெடித்தன.
'செத்துப்போச்சா?'
'இல்லை. சூப் ஆயிடுச்சு.'

முள்கரண்டி படக் கூடாது.
தொப்புளைப் பிடித்துத் தூக்கி
ஓரத்தில் ஒரு கடி,
உள்ளிருக்கும் சாறு முழுக்க உறிஞ்சி
அப்புறம்தான் மற்றது.
பிடித்த இடத்தை யாரும் தின்பதில்லை;
கெட்டி மாவு, அரைவேக்காடு.
தட்டிலேயே விடுவோம். அதுதான் கணக்கும்.

வாசனை பிடித்து இறங்கி வந்த ரேவாஸ்
இருபத்திரண்டைப் பதக்கம்போல் அடுக்கிவைத்துவிட்டுப் போனான்.
எனக்கு ஒன்பது.
பார்பரே மூன்றை முடித்து
அடுத்ததற்கு ஐந்தாவது என்று பெயர் வைத்து
அதன் பாதியில் தூங்கிவிட்டாள்,
தாடையில் சாறு வழிய.

ஹாதூனா வரும்போது பதினொன்றரை.
ஆம்புலன்ஸ் கேட்டு அழைப்பவர்களுக்கு
நாளெல்லாம் முகவரி கேட்டுக் கேட்டு
வீட்டில் பேச்சு மிச்சமிருக்காது அவளுக்கு.
ஆறிப்போனதை வெண்ணெயில் பொரித்துக் கொடுத்தேன்.
கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றபடி தின்றாள்.
'யார் திருகினது?'
சொன்னேன்.
கையில் மிஞ்சியதை விளக்கருகே பிடித்துப் பார்த்தாள்.
அதில் அரிசி அகலத்தில் ஒரு நகக்குறி.
வாயில் போட்டுக்கொண்டாள்.
'கெட்டியா இருக்குமே.'
'இருக்கட்டும்.'
அப்படியே ஆறு.

காலையில் தட்டுகளைத் தணிக்கை செய்ய
பார்பரே வந்துவிட்டாள்.
(நான் கழுவியிருக்கவில்லை. சோம்பல், வேறொன்றுமில்லை.)
ரேவாஸ் தட்டு சரி. என் தட்டு சரி.
அம்மா தட்டில் வெண்ணெய்ப் பளபளப்பு மட்டும்.
'ஒண்ணுகூடச் சாப்பிடலை.'
முகம் அப்படியே உச்சிக்குத் திருகிக்கொண்டது.

சாட்சியத்தையே தின்றுவிட்டவளுக்காக
நான் எவ்வளவோ வாதாடினேன்.
எடுபடவில்லை.
நேரே படுக்கையறை. ரஜாய் விலகியது.
இரவுச்சட்டை மேலே போனது.
சில்லென்ற ஒரு விரல் தொப்புளில்.
கண்ணைத் திறக்காமலே ஹாதூனா சொன்னாள்:
'எல்லாம் உள்ளேதான் இருக்கு. எண்ணிக்கோ.'

வயிற்றில் காதை வைத்து எண்ணினாள்.
ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து,
ஆறு,
கொஞ்சம் காத்திருந்து, ஏழு.

ஒன்று கூடுதல்.
யாரும் திருத்தவில்லை.