தூண், ஒன்று

தேயிலை எடைச் சீட்டின் முதுகில்
எழுதிப் பார்த்தோம் இருவரும்.
ஏலச் சீட்டைத் தள்ளி எடுத்ததில் எண்பத்தாறாயிரம்.
ஃபாக்டரி பாக்கி வந்தால் இன்னொரு பதினொன்று.
வந்தால்.
அந்தச் சொல்லுக்கு மட்டும்
லிங்கன் அடியில் இரண்டு கோடு போட்டார்.

கோவை விடுதியிலிருந்து மகள்
படம் படமாக அனுப்பினாள்.
எல்லாம் திறந்த சமையலறை.
ஒன்றிலும் எண்ணெய்ச் சட்டி இல்லை,
பிடிதுணி இல்லை,
சமைத்துக் களைத்த முகம் ஒன்றுகூட இல்லை.
'நடுச்சுவரை எடும்மா, வீடு ரெண்டு மடங்கு ஆயிடும்.'
கட்டுவதைவிட இடிப்பது மலிவு என்பதால்
எனக்கும் பிடித்துத்தான் இருந்தது.

மேட்டுப்பாளையத்தில் ஏறும் மணல்
ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும்
கொஞ்சம் விலை கூடி
அரவேணு வந்து சேரும்போது
சர்க்கரை மாதிரி அளந்து கொட்ட வேண்டியிருக்கிறது.
கிரானைட்டை அடித்துவிட்டுக் கடப்பா என்று எழுதினேன்.
கடப்பாவிலும் மூலை உடைந்ததென்றால் பாதி விலை,
சிலிண்டர் பக்கம் திருப்பிப் போட்டால் யார் பார்க்கிறார்கள்.
கோத்தகிரியில் இடித்த விருந்தினர் விடுதியின் சிங்க்,
ஒரு பக்கம் நசுங்கியது, எண்ணூறு.
டைல்ஸ், மிச்சக் கட்டு:
முப்பத்தொன்று வெள்ளை,
பன்னிரண்டு, கடைக்காரர் மட்டும் வெள்ளை என்று சொல்கிற நிறம்.
விறகடுப்பு: குளிருக்கு வேண்டும். இருக்கிறபடி. செலவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வாசல் சிமெண்டில்
சாக்பீஸால் முழு அளவுக்கு வரைந்தோம்.
லிங்கன் கோட்டுக் கதவைத் தேடி, அது வழியாகவே
குனிந்து உள்ளே வந்தார்.
சுவர்தான் இல்லையே என்றதும்
வெளியே போய், நிமிர்ந்து, மறுபடி வந்தார்.
நாலு மணிக்குப் பனி இறங்கி எல்லாவற்றையும் நனைத்தது.
அதற்குள் ஃபிரிட்ஜ் மூன்று தடவை இடம் மாறியிருந்தது.

சவரிராஜ் மேஸ்திரி
கரணைப் பிடியால் சுவரைத் தட்டினார்,
டாக்டர் முதுகைத் தட்டுவது போல, காதை அருகில் வைத்து.
'உத்தரமெல்லாம் வெளிச்சுவரு மேலதான் ஒக்காந்திருக்கு.
இது சும்மா நிக்குதும்மா. ஒருநாள் வேலை.'

சும்மா.

பத்தொன்பது வருஷம்
இந்தப் பக்கம் கவாத்துக் குச்சி எரிய
அந்தப் பக்கம் சூடாக இருந்த சுவர்.
டிசம்பர் இரவுகளில் லிங்கன் முதுகு சாய்த்து
செய்தி பார்க்கும் இடத்தில்
சுண்ணாம்பில் எண்ணெய் இறங்கி ஓர் ஆள் உயரக் கறை.
இந்தப் பக்கம், அதே இடம், என்னுடையது.
அவர் அண்ணன்கள் வந்து காட்டைப் பங்கு பேசிய ராத்திரி
காப்பி கொதிக்கட்டும் என்று நான் நின்றது இங்கே.
மகளுக்கு சீட் கிடைத்த அன்று
ஃபீஸைக் கேட்டும் சிரித்தபடியே எழுந்து வந்து
சிரிப்பைக் கழற்றி வைத்தது இங்கே.
'என்ன பண்றே உள்ளே' என்று குரல் வந்தபோதெல்லாம்
பால் பொங்கிருச்சு என்றேன்.
அத்தனை தடவை பொங்கியிருந்தால்
பாலுக்கே தனியாக ஒரு சீட்டு கட்டியிருக்க வேண்டும்.

இதை எந்தத் தலைப்பில் எழுதுவது?
மணலுக்கு மேலா, டைல்ஸுக்குக் கீழா?

'அடுப்போரம் ஒன்றரை அடி விட்டுடுங்க' என்றேன்.
மேஸ்திரி கூரையைப் பார்த்தார்.
என்னைப் பார்த்தார்.
பென்சிலை நாக்கில் தொட்டு
'தூண், ஒன்று' என்று எழுதி
தொகைக்கான இடத்தில் வெறும் கோடு இழுத்தார்.

லிங்கன் அந்தப் பக்கத்திலிருந்து கேட்டார்:
'அதுமேல பாரம் ஏதாவது நிக்குதா?'

நிக்குது என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை.
உள்ளங்கை சுண்ணாம்பில் உரசுவது மட்டும் கேட்டது.

'அப்படின்னா ரெண்டடியா விடச் சொல்லு.'