மின்விசிறி திருத்தம்

உட்துறைமுக வீதி வீட்டில்
மின்விசிறி இல்லை.
மூன்று தரம் திருத்தியதாய்
பாதுகாவலர் நீதிமன்றுக்குக் கணக்குக் காட்டியிருக்கிறார்.

என் பெயர் யோகறஞ்சிதம்.
துறைமுகத்தில் இருபத்தாறு வருசம்
பேரேடு எழுதியவள்.
வாதம் வந்து வாய் கோணியபின்
சித்தசுவாதீனமற்றவர் என்று
ஒரு தவணையில் தீர்த்தார்கள்.

இடக்கையால் கூட்டிப் பார்த்தேன்.
நாற்பத்தோராயிரத்து எழுபது ரூபாய்
உதைக்கிறது.

முறைப்பாட்டைக் கவுண்டரில் நீட்டினேன்.
லிகிதர் நல்ல பிள்ளை,
கதிரை இழுத்துப் போட்டான்.
கடைசிவரை வாசித்தான்.
பிறகு மெதுவாய்,
"அம்மா, இதில பாதுகாவலர்ட ஒப்பம் வேணும்."

வாசலில் ஒரு புள்ளிமான்
யாரோ எறிந்த பெட்டிசத்தை
முத்திரையோடு
மென்றுகொண்டு நின்றது.

உப்புவெளி பஸ் வரும்வரை
மறுபடி கூட்டினேன்.
அதே நாற்பத்தோராயிரத்து
எழுபது.