போயா நாள் கூட்டக் குறிப்பு

குளப்பிட்டிச் சந்தியில், சைக்கிள் கடைக்கு மேலே,
ரியூசன் வாங்குகளைத் திருப்பிப் போட்டு
ஏழு பேர் இருந்தோம்.
கரும்பலகையில் நேற்றைய இரசாயனம்
பாதி அழிபட்டுக் கிடந்தது.
குறிப்பு எழுதுவது என் வேலை:
ஆர் என்ன சொன்னது,
வாய்ப்பனுக்கு எவ்வளவு முடிந்தது.

முதலில் அந்தப் பெரிய நாவல்.
நில அளவையாளர் கேதாரநாதன்
பக்கத்துக்கு அடையாளம் வைத்துக்கொண்டு வந்திருந்தார்.
"கோண்டாவில் சந்தியில இடக்கைப் பக்கம் திரும்பிறாளாம்,
கடல் தெரியுதாம்.
எந்தக் கடல்?
அங்க ஒரு மரக்காலைதான் கிடக்கு."
பிருந்தாஜினி விடவில்லை.
"அவளுக்குத் தெரிஞ்சிருக்கு அண்ணை.
நாலு நாள் நித்திரை இல்லாமல் வாறவளுக்கு
என்னவும் தெரியும்."
"நித்திரை இல்லாட்டிலும் றோட்டு மாறாது பிள்ளை.
அளக்காததை எழுதக் கூடாது."
எழுதினேன்: கருத்து வேறுபாடு.
அதற்குள் தேத்தண்ணி ஆறிவிட்டது.

துப்பறியும் கதையில் கடைசிப் பதினாறு பக்கம் இல்லை.
ஆரோ கிழித்திருந்தார்கள்.
பஸ் கொண்டக்டர் எமிலியானுஸ்
அதற்கு ஐந்துக்கு ஐந்து கொடுத்தார்.
"ஆர் செய்ததெண்டு தெரியாமலே
நாங்கள் இவ்வளவு காலம் இருக்கேல்லையோ?"
சொல்லிவிட்டுச் சிரித்தார்.
இரண்டு பேர் சிரிக்கவில்லை.
பெயரை எழுதவில்லை.

உதைபந்தாட்டக்காரரின் சுயசரிதை ஜதீசனுக்கு.
"பாதிக்கு மேல முழங்கால் ஒப்பரேசன்தான்,
எண்டாலும் உண்மை" என்றான்,
தன் முழங்காலைத் தடவிக்கொண்டு.

சமையல் புத்தகத்தை ரிஸ்வானா
மேசையில் கொஞ்சம் பலமாகத்தான் வைத்தாள்.
"கூழுக்கு ஒடியல் மா இல்லாட்டில்
அரிசி மா சேர்க்கலாமாம்.
சேர்க்கேலாது.
இருபது வருசம் புத்தளத்தில
சேர்த்துப் பார்த்தனாங்கள்."
புனைவு என்று போடுவதா, அபுனைவு என்று போடுவதா
எனக்கு விளங்கவில்லை.

மிச்சம் இருந்தது நிலத்தடி நீர்ப் புத்தகம்.
சுண்ணக்கல், நைத்திரேற்று, உவர் ஏறும் தூரம்,
நாற்பத்தொரு அட்டவணை.
'வாசித்தவர்: எவருமில்லை' என்று
வீட்டிலேயே எழுதிக்கொண்டு வந்திருந்தேன்.
நானும் அதைத் திறக்கவில்லை.

நகுலேஸ்வரி காஸ் சிலிண்டர் விற்கிறவ.
எந்தப் புத்தகத்துக்கும் 'நல்லம்' என்பா,
அதோடு சரி.
இன்றைக்கு அவ
பதினேழாம் அட்டவணையை விரித்து
எங்கள் பக்கம் திருப்பி வைத்தா.
ஊர், கிணறுகள், ஆழம்.
வறுத்தலைவிளான் என்ற வரியில் மட்டும்
எண்ணுக்குப் பதிலாக ஒரு கோடு.
அடிக்குறிப்பில், எறும்பு எழுத்தில்:
'அணுக முடியவில்லை.'

"இருபத்தாறு அடி" என்றா.
"ஆடியிலயும் வத்தாது.
என்னைக் கேட்டிருந்தா
நான் சொல்லியிருப்பன்தானே."
அழவில்லை.
விலைப்பட்டியலில் பிழை பிடித்த ஆளைப் போல
விரலை அந்தக் கோட்டிலேயே வைத்திருந்தா.

கீழே ஆரோ ரயருக்குக் காற்றடித்தார்கள்.

கேதாரநாதன் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தார்.
பென்சிலை எடுத்தார்.
"குறுக்களவு?"
"பத்து. இல்லை, பத்தரை.
துலாப் பக்கம் கொஞ்சம் இடிஞ்சது."
கோட்டுக்கு மேலே, பெட்டிக்குள் அடங்குகிற மாதிரி,
இரண்டு எண்களையும் எழுதினார்.
நூலகப் புத்தகம் அது.
"அளக்காமலோ அண்ணை?" என்று
பிருந்தாஜினி கேட்டாள், மெதுவாக.
அவர் பென்சிலைச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

'எவருமில்லை' என்றதை வெட்டினேன்.
வெட்டினது தெரியட்டும் என்று விட்டுவிட்டேன்.
அடுத்த மாதப் புத்தகம் முடிவாகவில்லை.
வாய்ப்பன் பதினாலு, மீதி இரண்டு.
எமிலியானுஸ் பேப்பரில் சுற்றிக்கொண்டு
நாலே முக்கால் பஸ்ஸுக்கு ஓடினார்.