ஏழாம் பிரிவு

ஆராதனை முடிந்தும்
மண்டபத்தில் மைலோ வாசம் போகவில்லை.
கம்போடியாவுக்குக் கிணறு வெட்டப் போகிற
பதினோரு பேருக்கும்
ஆளுக்கு நான்கு பக்கம்.

வார நாட்களில் நான்
பட்டர்வொர்த்தில் இழப்பீட்டுக் கோப்பு பார்ப்பவள்.
எந்த வரியில் பணம் நின்றுபோகும் என்று
கண் தானாகப் போகும்.

"படிச்சிட்டுக் கையெழுத்துப் போடுங்க" என்றேன்.
யாரும் படிக்கவில்லை.
பெனினாள் மட்டும் ஏழாம் பிரிவில் நின்றாள்:
சடலத்தைத் தாயகம் கொண்டுவர
ஐம்பதாயிரம் வெள்ளி வரை.
"அதுக்கு மேல ஆச்சுன்னா, அக்கா?"
சிரித்தாள்.
போன வருஷம் ஒரு கோப்பில்
ஆகியிருந்தது.

கர்த்தர் காப்பார், இது சும்மா காகிதம்
என்றார் போதகர்.
சும்மா காகிதத்துக்குத்தான் ஐயா
தலைக்கு எண்பத்தாறு வெள்ளி கட்டியிருக்கிறோம்.

'எது நேர்ந்தாலும் சபை பொறுப்பல்ல.'
தட்டச்சு செய்தது நானேதான்.
மூன்று முறை மாற்றி எழுதியும்
கதவு சாத்துகிற சத்தம்
அந்த வரியை விட்டுப் போகவில்லை.

கடைசியாக லாரிக்கார நேசையா.
மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டாராம்.
ரத்த வகை, சர்க்கரை மாத்திரை, ஐசி எண்
எல்லாம் கேட்டுக் கேட்டு நானே நிரப்பினேன்.
அவசரத்துக்கு யாரைக் கூப்பிட?
மின்விசிறியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.
பிறகு சுவரில் ஒட்டியிருந்த
சபை எண்ணைக் காட்டினார்.

அந்தப் போன்
இரவில் என் தலைமாட்டில்தான் கிடக்கும்.

'உறவுமுறை' என்ற கட்டத்தில்
பேனா நின்றது.
அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை,
ஒரு சொல் எழுதினேன்.

பெருவிரலை ஊன்றிக்கொண்டு
மெதுவாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு
மைலோ இருக்கிறதா என்று பார்க்கப் போனார்.

நான் ஏழாம் பிரிவை எடுத்து
முதலிலிருந்து படித்தேன்.