ஆமை விளக்கு

கிருமாம்பாக்கம் வந்தால் அதுவும் வரும்,
திரை மூலையில் மஞ்சளாய் ஓர் ஆமை.
எவ்வளவு மிதித்தாலும் இருபதுதான்.
பின்னால் பஸ்காரன் ஹாரனாலேயே திட்டுவான்.

வில்லியனூர் சாலை சர்வீஸ் சென்டருக்கு
இது நாலாவது நடை.
உள்ளே நுழைந்ததும் ஆமை
ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொள்கிறது.
"ஃபால்ட்டே காட்டல சார்" என்கிறான் லியோனார்.
லேப்டாப்பும் அவன் கட்சி.

வாரண்டிப் புத்தகம், பக்கம் பதினொன்று:
உப்புக்காற்றால் வரும் பழுதுக்குப் பொறுப்பல்ல.
கடலூர் முதுநகரில் குடியிருப்பவன்
வேறெந்தக் காற்றை வாங்குவது?

ஒன்பது நாள்தான் பாக்கி.
ஆமை புகுந்த வீடு என்பார்கள்;
இது தவணை கட்டிக் கூட்டிவந்த ஆமை.

இன்று லியோனாரையே பக்கத்தில் ஏற்றிக்கொண்டேன்.
தவளக்குப்பம். ஒன்றுமில்லை.
கிருமாம்பாக்கம் வளைவில்
மினுக்.
"வந்துடுச்சு சார்!"
மூன்று படம் எடுத்தான்.
கைகொடுத்துக்கொண்டோம், இருபதில் ஊர்ந்தபடி.
பின்னால் ஹாரன்.