விருந்தாளிக்கு ஒரு மானிட்டர்

கோத்தகிரி மார்க்கெட் மேட்டில் பெள்ளிராஜின் கடை.
ஏழு படி. ஏழாவது மூலை உடைந்தது.
வெளியே கேரட் மூட்டை வாசனை,
உள்ளே பிரிக்காத அட்டைப்பெட்டி வாசனை.

"இதைப் பாருங்க மேடம்" என்றவர்
பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார்.
கொடுங்க, பாக்கறேன் என்றேன்.
மூடியின் விளிம்பு, கீலின் இறுக்கம்,
எஃப்பிலும் ஜேயிலும் நொய்யரிசி அளவு மேடு.
பார்த்துவிட்டேன்.
இன்செர்ட் எங்கே?

அதைப் பிடித்துக்கொண்டுதான் நான்
வரியைத் திரும்பச் சொல்லச் சொல்வேன்,
மணி கேட்பேன்.
தேடித் தந்தார்.
டெலீட்டோடு ஒண்டுக்குடித்தனம்.
வலப்பக்கத்து எண்கள்? இந்த மாடலில் கிடையாது.
பசுந்தேயிலை எடைக் கணக்கு, ஒரு நாளைக்கு நானூறு வரி,
எதில் தட்டுவது?
"தனியா கீபோர்டு மாட்டிக்கலாம். ஆனா டிஸ்ப்ளே பிரமாதம்.
கறுப்பெல்லாம் அப்படிக் கறுப்பு."
விலையில் பாதி அந்தக் கறுப்புக்கு.
அது எப்படி இருக்கும் என்று கேட்கவில்லை.
சொல்லத் தெரியாமல் திணறியிருப்பார், பாவம்.

கூடலூரிலிருந்து அஸ்மா போனில் சண்டை:
ஆடியில் மரம் விழும், மூணு நாள் கரண்ட் வராது,
பேசிக்கிட்டே இருக்கறப்ப செத்துப்போகும்டி உன் பெட்டி.
சரிதான். அவள் சொல்வது எப்போதும் சரி.
திரையை அணைத்துவிட்டு பஸ்ஸில் வேலை பார்க்கிறவள் அவள்.
பக்கத்து சீட்காரர் எட்டி எட்டிப் பார்த்து
"ஓடலையேம்மா" என்பாராம்.
"ஓடுதுண்ணே, உங்களுக்குத்தான் தெரியல."

அவளிடமும் சொல்லாதது ஒன்று.

அண்ணன் வீட்டில் பொருள்களுக்குக் கால் முளைக்கும்.
விழுந்துடும்னு எடுத்து வச்சேன்.
பிள்ளை தொடும்னு பீரோ மேல.
சீப்பு, சார்ஜர், கைத்தடி.
வைத்த இடத்துக்குக் கை போய்
வெறும் பலகையைத் தொடும் அந்த நொடி.
யார்மேலும் கோபப்பட முடியாது.
அன்பாகத்தான் எடுத்து வைத்தார்கள்.
ஒன்றரைக் கிலோவை யாரும் எங்கேயும்
அன்பாக எடுத்து வைக்கலாம்.

டெஸ்க்டாப்புக்கு மேசை வேண்டும்.
மேசைக்கு ஒரு சுவர்.
சுவர், ராம்சந்துக்குக் கீழே, மாசம் மூவாயிரத்து இருநூறு,
தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்.
போன வாரமே அட்வான்ஸ் கொடுத்தாயிற்று.
அண்ணனுக்கு இன்னும் தெரியாது.

"பெட்டி, கீபோர்டு, யூபிஎஸ், ரெண்டு ஸ்பீக்கர்" என்றேன்.
"மானிட்டர்?"
வேண்டாம்.
பெள்ளிராஜ் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பால்பாயின்ட் பேனாவைத் திறந்து மூடும் சத்தம் மட்டும்.
"குரலே வராம நின்னுபோச்சுன்னா?
என்ன எர்ரர்னு யாராவது படிச்சுச் சொல்லணுமே."
அதுவும் நியாயம்.
பழையது ஒன்று இருந்தது, எண்ணூறு ரூபாய்,
ஓரத்தில் கீறலாம்.
இருக்கட்டும்,
வருகிறவர்கள் உட்கார ஒரு நாற்காலி போடுவதில்லையா,
அதுபோல.

இப்போது மார்கழி.
ஃபேன் இல்லாத ஊர் இது.
அண்ணன் வீட்டில் கரண்ட் போனால்
யாராவது "அடச்சே" என்றால்தான் தெரியும்.
இங்கே அடச்சே சொல்ல ஆளில்லை.
மேசைக்கு அடியில் பெட்டி முனகிக்கொண்டிருக்கிறது.
பின்பக்கம் வரும் அனலில்
சாக்ஸைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டியிருக்கிறேன்.

முந்தாநாள் ராத்திரி யூபிஎஸ் கத்தியது.
பத்து நிமிஷம். சேமித்தேன், அணைத்தேன்.
பாதிக் கணக்கு பாக்கி.
அஸ்மாவே கூப்பிட்டாள்: "அங்கேயும் போச்சா? சொன்னேன்ல?"
சொன்னே, என்றேன்.
மேலே என்னவோ சொல்லிக்கொண்டே போனாள்.
பெட்டியின் தகரம் இன்னும் ஆறவில்லை.
கட்டைவிரலை மட்டும் அதில் வைத்திருந்தேன்.